புகைக்கூடத்தில் செய்த பால்காம்பு

என் மூத்த மகளுக்கு நாற்பது நாள் ஆனபோது என் மனைவி மலேரியாவில் படுத்தாள். நான்காம் நாள் தாய்ப்பால் நின்றது. அப்போது நான் மலாயாவில், கிள்ளானிலிருந்து ஒன்பது மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பத்திரிகை வேலைக்குப் போனது பிறகுதான். டின் பாலும் கண்ணாடிப் புட்டியும், அதன் வாயில் மாட்டும் ரப்பர் காம்பு ஒன்றும் டவுனில் வாங்கி வந்தேன். இரண்டு நாளில் காம்பை எலி கடித்துப் போட்டது. அன்றைக்குச் சாலையில் இடுப்பளவு வெள்ளம்.

வீட்டில் பால் புகட்டும் பாலாடைச் சங்கு இருந்தது. அதில் புகட்டியதும் குழந்தைக்குப் புரையேறி முகம் நீலமாயிற்று. மறுபடி அதைத் தொட எனக்குத் துணிவில்லை. துணித்திரியைப் பாலில் நனைத்து வாயில் வைத்தோம். ஈரத்தைச் சப்பிவிட்டு அழுதது.

பால் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும், அக்கா ஒருத்தி தொழிலாளர் குடியிருக்கும் பின்வரிசை லயத்திலிருந்து எங்களுக்கு உதவ வந்திருந்தாள்.

"நல்லாருக்குய்யா கதை! சீமைக்கெல்லாம் இங்கேருந்துதான் லப்பரு போகுது. நம்ம புள்ள வாயில வைக்க ஒரு துண்டு இல்லையாம்" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது; ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்துக்காரரிடம் போய் ஒரு காம்பு செய்து தரக் கேட்டேன். அவர் மூங்கில் குச்சியைக் காம்பு வடிவத்தில் சீவினார். உறைய வைக்கும் அமிலம் ஊற்றாத மரப்பாலை வடிகட்டி, குச்சியை எட்டு முறை முக்கி, ஒவ்வொரு முறையும் உலர்த்தினார். மாலையில் தேன் நிறத்தில் ஒரு காம்பு கிடைத்தது. சூடான ஊசியால் துளை போட்டார்.

"இழுத்துப் பாருங்க கிராணியாரே. ஆனை இழுத்தாலும் அறாது."

குழந்தை மூன்று அவுன்ஸ் குடித்தது. வாயில் புகை வாசனை. அன்றிரவு எல்லாரும் தூங்கினோம்.

காலையில் சுத்தத்துக்காகக் காம்பைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். வெளுத்திருந்தது, விரலில் ஒட்டியது. ஆனாலும் மாட்டினேன். நாலு வாய் சப்பியதும் குழந்தை இருமியது. புட்டியை இழுத்துப் பார்த்தால் காம்பின் நுனி இல்லை. வாய்க்குள் விரல் விட்டுத் தேடினேன். புட்டியில் இல்லை, பாயில் இல்லை, சட்டையிலும் இல்லை.

கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தாத ரப்பர் வெந்நீரில் இளகிவிடும் என்று பிற்பாடு படித்தேன். ஐந்து வருஷம் ஷீட்டுகளைக் கப்பலுக்கு அனுப்பியவனுக்கும், அதைப் புகையில் உலர்த்தியவருக்கும், மரத்தை வெட்டியவளுக்கும் அது தெரியாது. எங்களில் யாரும் கடைக்குப் போகும் ரப்பர் பொருளைச் செய்து பார்த்ததில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்.

"மூச்சு சுத்தமா இருக்கு. வயித்துக்குள்ள போயிருந்தா ரெண்டு மூணு நாள்ல கீழ வந்துரும்."

"வரலேன்னா?"

அவர் பையை மூடிக்கொண்டார்.

மனைவியிடம் சொல்லவில்லை. அக்கா குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கரண்டி நுனியால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பீத்துணியையும் நான் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, குச்சியால் கிளறிப் பார்த்தேன். நடுவில் குழந்தை விக்கினால் எழுந்து ஓடினேன். விக்காமல் தூங்கினாலும் ஓடினேன்.

மூன்றாம் நாள் காலை துணியில் அரிசிக் குருணை அளவுக்கு மஞ்சளாய் ஒன்று கிடந்தது. அழுத்தினால் அமுங்கியது. கழுவி, எடுத்து வைத்திருந்த காம்பின் அறுந்த இடத்தில் பொருத்தினேன். பொருந்தியது. ஆனால் ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தது போலவும் பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூணு நாளா அந்தத் துணியில என்னங்க படிக்கிறீங்க? கெசட்டா?" என்றாள் மனைவி. காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

சொன்னேன். முழுதும் கேட்டாள். திட்டவில்லை. குழந்தையைக் கொடுங்கள் என்று கை நீட்டினாள். மடியில் போட்டுக்கொண்டு, அதன் வாயைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, ஈறுகளைச் சுற்றி மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.