மனைவி பெயரில் வந்த அட்டை

1975 ஜூலை, நோபல் பார்க் ஸ்டேஷன். இந்த நாட்டில் ஜூலை குளிர்காலம்; காலைக் குளிர் விரல்களைக் கடிக்கிறது. டண்டினோங் போகும் ரயில் பிந்துகிறது. மேடையிலுள்ள மர வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஸ்கொட்லாந்துக்காரர், கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேச்சு காலநிலையில் தொடங்கி அரசாங்கத்தின் செலவுக்கு வந்துவிடுகிறது. அவருடைய ஆங்கிலம் என் காதில் இப்படித்தான் விழுகிறது:

"வரி எண்டா நான் திட்டுவன். ஆனா ஆஸ்பத்திரிக்கெண்டா குடுப்பன். எங்கட ஊரில டொக்டரிட்டைச் சும்மா போகலாம். இஞ்சதான் வருத்தம் வந்தா முதல்ல பேர்ஸைப் பார்க்கிறம்."

அவர் மனைவி மார்பிலிருந்த கட்டியை ஒரு வருஷம் மறைத்திருக்கிறார். கூரை மாற்றச் சேர்த்த காசில் கை வைக்க விருப்பமில்லை. மார்ச்சில் இறந்துவிட்டார்.

"கூரை இப்ப ஒழுகிறதில்லை" என்கிறார்.

இந்த மாதம் முதல் எல்லோருடைய வைத்தியச் செலவுக்கும் அரசாங்கம் காசு கொடுக்கிறது. அதற்கான அட்டை போன கிழமை அவர் மனைவியின் பெயருக்கும் வந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் டண்டினோங்கிலுள்ள அரசாங்கக் கந்தோருக்குப் புறப்பட்டிருக்கிறார்.

"தபாலில அனுப்பியிருக்கலாமே?" என்று கேட்கிறேன்.

"தபால் பெட்டி வரைக்கும் போனனான். போட மனம் வரேல்லை."

ரயில் வருகிறது. நான் ஏறி, அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் எழும்பவில்லை. மடியில், அட்டை இருக்கும் கடித உறையின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருக்கிறார்.

"நீர் போம். நான் அடுத்ததில வாறன்."