உளுந்து காயும் ரோட்டில் ஒரு வெள்ளைக் கார்

என் மகள் ஓட்டப் போகும் முதல் காருக்கு நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஏறியவள் உயிரோடு இறங்க வேண்டும். கலர், கம்பெனி, பாட்டுப் பெட்டி எல்லாம் யார் இஷ்டத்துக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும். இதைச் சொன்னதும் என் தம்பி சிரித்துவிட்டான். "யக்கா, எந்தக் கம்பெனிக்காரன் ஆள் சாகட்டும்னு வண்டி செய்யுதான்?" என்றான். நான் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் ஊருக்குக் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் பாதி வழியில் உள்ளே பிரிய வேண்டும். பிரிந்ததும் ரெண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் ஒற்றைத் தார் ரோடு. என் வீட்டுக்காரர் அந்தக் காட்டில்தான் விவசாயம் பார்க்கிறார். நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவன் அந்தத் தார் ரோட்டில்தான் செத்துப்போனான்.

எங்கள் பக்கம் ரோடுதான் களம். தையும் மாசியும் வந்துவிட்டால் உளுந்து, பாசி, கம்பு, மல்லி என்று எது விளைந்ததோ அது ரோட்டில் கிடக்கும். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி அடித்துக் கொடுத்துவிடும். கூலி கிடையாது. வண்டிக்காரன் ஒதுங்கிப் போய்விடக் கூடாது, செடியும் சிதறக் கூடாது என்று ஓரத்தில் பெரிய பெரிய கல்லாக எடுத்து வைப்பார்கள். பஸ்ஸுக்கு அது ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்குக் காய்ந்த உளுந்தஞ்செடி மேல் பிரேக் பிடித்தால் எண்ணெய் மேல் பிடித்த மாதிரிதான். என் மகன் வேலை முடிந்து பொழுது சாயும் நேரத்தில் வந்தான், வழுக்கினான், ஓரக் கல்லில் நெஞ்சு மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ் வந்தபோது ரோடு கூட்டிப் பெருக்கினாற்போல் சுத்தமாகக் கிடந்தது. ஒரு உளுந்து நெத்தைக் காணோம், ஒரு கல்லைக் காணோம். யார் போட்ட செடி என்று ஊருக்கே தெரியும். அந்த ஆளும் மாலையோடு வந்தார், என் மகன் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார், பொய்யழுகை இல்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் எந்த வாயால் கேட்க? அந்த ரோட்டில் செடி போடாத வீடு எது? அடுத்த தையில் எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கதிரடிக்கிற மிஷினைக் கூப்பிட்டுக் காட்டிலேயே அடித்துக்கொண்டார். மற்றவர்கள் வழக்கம்போல ரோட்டில் போட்டார்கள். பஸ்ஸில் போகும்போது டயருக்கடியில் நெத்து நொறுங்குகிற சத்தம் கேட்டால் நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

ரெண்டு வருஷம் கழித்து மகள் கோவில்பட்டியில் காலேஜில் சேர்ந்தாள். எங்கள் ஊர் பஸ் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஸ்கூட்டி கேட்டாள். வீடு அதிரும்படி நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். ரெண்டு சக்கரம் என்ற பேச்சே இந்த வாசலில் கிடையாது, பதினெட்டு முடியட்டும், லைசென்ஸ் எடு, நாலு சக்கரத்தில் போ என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, காரில் எது நல்லது எது கெட்டது என்று எனக்கு என்ன தெரியும்?

அதனால்தான் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மணியாச்சியில் ரயில்வேயில் இருக்கிறான். தண்டவாளத்தைத் தவிர எதுவும் தெரியாது, ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். முதலில் பழைய கார்தான் நல்லது என்று பிடிவாதம் பிடித்தான். "சின்னப்பிள்ளை மொத மொத ஓட்டுதா. செவத்துல ஒரசுவா, மரத்துல முட்டுவா. புது வண்டில கீறல் விழுந்தா மனசு வலிக்கும்லா?" என்றான். அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. ஒரு சிவப்புக் காரைக் காட்டினான். காற்றுப் பை எத்தனை என்று கேட்டேன். விற்கிறவர் தலையைச் சொறிந்தார். ஒன்றுகூட இல்லை. "கீறல் வண்டில விழுந்தா வலிக்கும், எம்பிள்ள மேல விழுந்தா வலிக்காதோ?" என்று கேட்டதும் தம்பி செருப்பை மாட்டினான்.

அடுத்ததாகப் பெரிய வண்டி ஒன்றைக் காட்டினான். உயரம், அகலம், முன்னால் யானை மாதிரி நிற்கும். எது மோதினாலும் உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றான். என் மகள் குள்ளம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்தால் நெற்றிதான் தெரிந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. காருக்கு முன்னால் போய், அந்தப் பளபளப்பான தரையில் சேலையை ஒதுக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "ஏட்டி, நான் தெரியுதேனா?" என்று கத்தினேன். "தெரியலம்மா!" என்றாள். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் ரோட்டில் ஆட்டுக்குட்டி உட்கார்ந்திருக்கும், பால்வாடிப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். நான் தெரியாத வண்டியில் அதுகளா தெரியப் போகின்றன?

இப்படியே போகிற இடத்தில் எல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எந்த வண்டியில் அவளுக்கு நான் முழுசாகத் தெரிந்தேனோ அந்த வண்டியைப் பிடித்தேன். சின்ன வண்டிதான், ஆனால் ஆறு காற்றுப் பை இருந்தது. மோதிப் பார்த்துக் கொடுக்கிற நட்சத்திரமும் நல்லபடியாக வாங்கியிருந்தது. அடிப்பக்கம் கொஞ்சம் உயரம், மழைக்காலக் குழிகளில் இடிக்காது. விற்பனைக்காரப் பையன் டிவி மாதிரி ஒரு திரையைத் தடவித் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். ரோட்டுல உளுந்தஞ்செடி கெடந்தா இந்த வண்டி பிரேக் பிடிக்குமா?" என்று கேட்டேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் என்று என்னென்னவோ சொன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செடி மேல மெதுவாத்தான் போணும் மேடம். செடி காஞ்சு அடில சுத்திக்கிட்டா சூட்டுல பத்திக்கிடவும் செய்யும்," என்றான். அவனும் கழுகுமலைப் பக்கத்துப் பையனாம். உள்ளதைச் சொன்னான் என்பதற்காகவே அவனிடமே வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் இத்தனை அலைச்சலுக்கும் வரவில்லை. கலர் என்ன சொல்லட்டும் என்று போனில் கேட்டேன். "வெள்ளை. பொழுது சாஞ்சாலும் தெரியும்," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் பக்கமே திரும்பவில்லை. எங்கள் நிறுத்தம் நெருங்கும்போது, "அண்ணன் செத்ததுக்கு எனக்கு வண்டி வாங்குதியாம்மா?" என்று கேட்டாள். ஆமாட்டி, அதுக்குத்தான், அவனுக்குச் செய்ய முடியாததை உனக்குச் செய்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "வாயைப் பாரு வாயை. எந்திரி, ஸ்டாப் வருது," என்று அதட்டினேன்.

வண்டி வந்த அன்று நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். தம்பி தன் பங்குக்குக் கறுப்புக் கயிறும் ஒரு சின்ன இரும்புக் கொக்கியும் வாங்கி வந்தான். கொக்கி எதற்கு என்றால், பெல்ட் போடாவிட்டால் வண்டி கீகீ என்று கத்துமாம், இதைச் செருகினால் வாயை மூடிக்கொள்ளுமாம். "எல்லாரும் போடுததுதான் யக்கா, பக்கத்துல போயிட்டு வர எதுக்குப் பெல்ட்டு?" என்றான். பிடுங்கி, வேலிக்கருவைப் புதருக்குள் வீசினேன். என் மகன் செத்தது எங்கே? வீட்டுக்குப் பக்கத்தில்தானே.

மகள் நன்றாகவே ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் வந்தது. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் காலேஜுக்குப் போவாள், சாயங்காலம் கூட்டிவருவாள். ஆடு தெரிகிறதோ இல்லையோ என் வலது கால் தன்னால் தரையை மிதிக்கும். "ம்மா, காலை எடு. அங்கன பிரேக் இல்ல," என்பாள். என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது அவளுக்கு எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் காலை எடுக்க முடியவில்லை.

இந்தத் தையில் காலம் தப்பி மழை கொட்டியது. கரிசல் நனைந்தால் கேட்கவா வேண்டும், மனுஷன் காலையே விடாது, மிஷினை எங்கே விடும். கதிரடிக்க வந்த மிஷின் எங்கள் காட்டு ஓரத்திலேயே புதைந்து, அதை இழுத்து வெளியே விட்டதே பெரும்பாடு. பிடுங்கிப் போட்ட உளுந்து ஈரத்தில் கிடந்தது. இன்னொரு மழை வந்தால் முளைத்துவிடும், அப்புறம் மாட்டுக்குத்தான். என் வீட்டுக்காரர் சோறு சாப்பிடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வெயில் முகம் காட்டியதும் செடியை அள்ளி வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் போட்டார். இடம் பத்தவில்லை.

வெயில் அடித்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது மேற்கே மறுபடியும் கருத்திருந்தது. எங்கள் ஊர் ரோட்டில் வளைவு திரும்பியதும் மகள் வண்டியை நிறுத்தினாள். முன்னால் ரோடு முழுக்க உளுந்தஞ்செடி. நடுவில் ஒரு டிராக்டர் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே தலையில் துண்டோடு செடியைப் புரட்டிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர்.

நான் எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. "நீங்க மனுஷன்தானா? ஒங்களுக்குக் கை வந்துதா? எம்பிள்ளைய முழுங்குன ரோட்டுலயா போடுதீங்க?" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தூசியில் கண் சிவந்து கிடந்தது.

"என்னட்டி செய்யச் சொல்லுத? வேற எங்கன போட? ராத்திரி மழை வந்தா அம்புட்டும் போச்சி." கொஞ்சம் நிறுத்தினார். "கல்லு வைக்கலட்டி. பாரு, ஒரு கல்லுகூட வைக்கல."

அந்த ஒரு வார்த்தையில் என் கத்தல் எல்லாம் போய்விட்டது. ரோட்டின் ரெண்டு ஓரத்தையும் பார்த்தேன். கல் இல்லை. இந்த மனுஷனை நான் என்னவென்று திட்ட? கூட உட்கார்ந்து அழத்தான் தோன்றியது. அதற்கும் நேரமில்லை, பொழுது போய்க்கொண்டிருந்தது.

பின்னால் கார் நகர்கிற சத்தம் கேட்டது. செடி மேல் ஏற்றிவிடுவாளோ என்று திரும்பினேன். ஏற்றவில்லை. வளைவு வரை பின்னாலேயே போய், வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பாதி ரோட்டை அடைத்து நிறுத்தி, நாலு விளக்கையும் மினுக்க விட்டாள். இறங்கிக் காருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். கோவில்பட்டிப் பக்கம் இருந்து வருகிற மோட்டார் சைக்கிளை எல்லாம் நிறுத்தி, உருட்டிக்கொண்டு போகச் சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கம் அவள் நின்றாள். ஊர்ப்பக்கத்து முனை சும்மா கிடந்தது. நான் செடிக்கு ஓரமாகவே நடந்து அந்த முனைக்குப் போய் நின்றேன்.

தெரிந்தவர்கள் எதுவும் கேட்காமல் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். தெரியாத ஒருத்தன் வேகமாக வந்தான். எம்மகன் வயசுதான் இருக்கும். நான் ரோட்டின் நடுவில் நின்று ரெண்டு கையையும் ஆட்டியதும் கிறீச்சென்று நிறுத்தினான். "ஏம்மா, அறிவில்ல? ரோடென்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா? இந்த எழவ வேற எங்கயும் போடக் கூடாதா?" என்று என்னை வாய்க்கு வந்தபடி பேசினான். வகுப்பில் ஒரு பையன் எதிர்த்து ஒரு சொல் சொன்னால் பொறுக்காதவள் நான். "தப்புத்தான்யா. எறங்கி உருட்டிட்டுப் போ ராசா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்," என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். செடிமேல் வண்டியை உருட்டும்போது ரெண்டு இடத்தில் சறுக்கியது, சமாளித்துக்கொண்டான். டிராக்டரைத் தாண்டி, மகளையும் காரையும் தாண்டி, ஏறி உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளை முழுசாகப் போய்விட்டான். எம்மகன் வந்த அன்றைக்கும் யாராவது ஒருத்தர் இப்படி ஒரு முனையில் நின்று அவனிடம் திட்டு வாங்கியிருக்கலாம்.