மூன்று வீட்டிலும் விட்டுப்போனவன்

மனைவி போனபிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டேன். அன்றிலிருந்து மயிலாப்பூரில் பெரியவன் வீட்டில் ஒரு மாதம், தி. நகரில் சின்னவன் வீட்டில் ஒரு மாதம், அடையாறில் மகள் வீட்டில் ஒரு மாதம். யாரோடும் சண்டையில்லை. மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

வீடு வீடாக ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மகள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணா, அப்பாவ உங்க வீட்லதான சேர்த்தீங்க?" என்றாள் மகள்.

"இல்லையே, சின்னவன் சொல்லியிருப்பான்னு விட்டுட்டேன்."

"இந்த மாசம் இங்கதான இருக்கார்? இவ சொல்லியிருப்பான்னு நெனச்சேன்" என்றான் சின்னவன்.

மூன்று பேரும் இலையைப் பார்த்தார்கள். நான் மோர் கேட்டேன்.

மறுநாள் அடுத்த தெருவில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவைப் போய்ப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க எந்த வீட்ல சார் இருக்கீங்க?"

"இந்த மாசமா?"

அவர் கையிலிருந்த போனைத் தாழ்த்தினார். "உங்க சாமான்லாம் எங்க இருக்கு?"

யோசித்தேன். சாமான் என்று மிச்சமிருந்தது கட்டில் ஒன்றுதான். அது பெரியவன் வீட்டில் இருந்தது. நான் இல்லாத மாதங்களில் அதன்மேல் துவைத்த துணி கிடக்கும்.

"அப்ப மயிலாப்பூர்னே வச்சுக்கங்க. அங்க வந்தவங்ககிட்ட சொல்லிச் சேர்த்துக்கங்க சார்."

அன்றே பஸ் ஏறினேன். கதவைத் திறந்த பெரியவன் என்னைப் பார்த்தான், பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"என்னப்பா, மாசம் முடியலையே?"

"தெரியும். இங்கதான் இருக்கேன்னு சொல்லணுமாம்."

அவன் என் பையை வாங்கிக்கொண்டான். உள்ளே மருமகள் அவசர அவசரமாகக் கட்டிலிலிருந்த துணிகளை அள்ளும் சத்தம் கேட்டது. "உக்காருங்க மாமா, காபி போடறேன்" என்றாள். கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

அவர்கள் தெருவுக்கு வந்துபோன பெண்ணுக்குப் பெரியவன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"எங்க வீட்ல நாலு பேர்னு எழுதிட்டுப் போனீங்க. அஞ்சு பேர் மேடம்."

"வாழ்த்துகள் சார்! என்ன குழந்தை?"

"ஆண்" என்றேன் நான்.

மறுநாள் அந்தப் பெண் நேரில் வந்து என் வயதைக் கேட்டுப் பதிந்துகொண்டு, காபி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனாள்.