மூக்கில் முப்பது கிராம்

என் அக்கா புருஷனுக்குப் பல் செட் செய்வதுதான் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அத்தான் அங்கே முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, சின்ன டிரில்லால் தேய்த்துத் தேய்த்து வாய்க்குத் தோதாக்குவார். இருபத்தாறு வருடமாக அதே முக்காலி. ஊரில் பாதிப் பேர் இவர் பல்லைக் காட்டித்தான் இளிக்கிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன்.

அக்கா வீட்டிலேயே தங்கியிருக்கும் நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நாள் முழுக்க யாரோ ஓட்ட, என் கால் பிரேக் மேலேயே இருக்கும். பொறுமை என்பது வேலை நேரத்திலேயே தீர்ந்துபோய்விடும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அக்கா என்னைப் பற்றிச் சொல்வாள். அவள் சொன்னது தப்பில்லை என்று இந்தக் கதையிலேயே தெரிந்துவிடும்.

போன வருடம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார்கள். பேச்சும் நடையும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன, வலது கை விரல்கள்தான் திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிட வேண்டியிருந்தது. பிசியோதெரபி பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொன்னாள். இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது. அதுவாக உருண்டதா, இவர் உருட்டிவிட்டாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

லேப் முதலாளியம்மா நல்ல மனுஷி, ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் தாட்சண்யம் பார்க்க மாட்டார். முக்காலியை மூன்று மாதம் காலியாக வைத்திருப்பதாகவும், மூன்றாம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து கையைப் பார்ப்பதாகவும், வேலைக்கு ஆகாது என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகவும் நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போனார். அதில் நியாயம் இருந்தது. கோணல் பல்லை யார் வாயில் மாட்டுவது? ஆனால் அந்த முக்காலி இல்லாத அத்தானை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பந்துக்குப் பதிலாக அத்தான் வாங்கியது ஒரு பெட்டி. உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு நூற்று நாற்பத்தெட்டுத் துண்டுகள். சேர்த்து ஒட்டினால் அந்தக் காலத்துப் பறக்கும் படகு ஒன்று வரும். தண்ணீரில் இறங்குகிற விமானம். அடிப்பாகம் படகு, தலைக்கு மேலே நீளமாக ஒரே இறக்கை, அதில் இரண்டு என்ஜின். கரையேற மூன்று சக்கரம், மூக்குக்கு அடியில் ஒன்றும் வயிற்றுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றும். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு.

"பந்தை அமுக்கினா என்ன கிடைக்கும்? இதை ஒட்டினா ஒரு ப்ளேனாவது கிடைக்கும்" என்றார்.

சாப்பாட்டு மேஜை பறிபோனது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். முதல் வாரம் இடுக்கியில் பிடித்ததெல்லாம் தரையில் விழுந்தது. அக்கா முகம் சுளிக்காமல் டார்ச் அடித்துத் தேடி எடுத்துக் கொடுப்பாள். அத்தான் வாங்கி மறுபடி பிடிப்பார், மறுபடி விழும். ஒரு துண்டு எட்டுத் தடவை விழுந்ததை நான் எண்ணினேன். நானாக இருந்தால் இரண்டாம் தடவையே பெட்டியோடு தூக்கி எறிந்திருப்பேன். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

உள்ளே விமானி உட்காரும் அறைக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். இருக்கைக்குப் பட்டை ஒட்டி, அரிசி அளவு மீட்டர்களுக்கு ஊசி முனையால் புள்ளி வைத்தார். மூடின பிறகு இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"பல் செட்டோட உள்பக்கத்தையும்தான் யாரும் பாக்கறதில்ல. ஆனா நாக்குக்குத் தெரியுமே."

நான் வேலையைக் காட்டியது அடுத்த நாள். பிசியோதெரபியிலிருந்து வந்த அத்தான் களைத்துப் படுத்துவிட்டார். படகின் இரண்டு பாதிகளும் மேஜையில் கிடந்தன. முதலாளியம்மா வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாதே என்ற பதற்றம் எனக்கு. ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று பசையைத் தடவி, இரண்டையும் சேர்த்து, துணிக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டேன். பிறகு மேஜையில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினால் அடியில் ஒரு பொட்டலம். தூண்டிலில் கட்டுகிற குட்டி ஈயக் குண்டுகள், முப்பது கிராம். பெட்டியோடு வந்த குறிப்புத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: மூடுவதற்கு முன் மூக்குக்குள் எடை வைக்கவும், இல்லாவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். அதற்குள் பசை இறுகிவிட்டது.

எழுந்து வந்தவர் மூடின படகைப் பார்த்தார். "ஈயம் வச்சியாம்மா?" என்றார்.

"வச்சாச்சு அத்தான்" என்றேன். பொட்டலம் என் கைப்பைக்குள் இருந்தது. அவர் படகைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று கீழே வைத்தார்.

அதன் பிறகு மூன்று வாரம் வண்ணம். மேலே நீலச் சாம்பல், அடியில் வெள்ளை. அந்த வெள்ளைக்கே ஐந்து நாள். வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்பது அவர் தொழில் பாடம். டப்பா வெள்ளை செத்த வெள்ளை என்று சொல்லி, துளி மஞ்சளும் துளி சாம்பலும் கலந்து, வெயில் பட்ட இடம் ஒன்றாகவும் உப்புத் தண்ணீர் பட்ட இடம் ஒன்றாகவும் தடவினார். பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டித் தலைமுடி கனத்துக்கு இழுத்து, இறக்கையிலிருந்து வாலுக்கு ஏரியல் கம்பி கட்டினார். கை நடுங்கவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு நாளும் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் சக்கரங்களைச் செருகிக்கொண்டிருந்தபோதே முதலாளியம்மா வந்துவிட்டார். அத்தான் விமானத்தை மேஜை நடுவில் வைத்துக் கையை எடுத்தார். மூக்கு மெல்ல மேலே எழும்பியது. வால் டக்கென்று மேஜையில் உட்கார்ந்தது.

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைப்பையைத் திறந்து பொட்டலத்தை மேஜையில் வைத்து, இது என் தப்பு, அவர் கையில் ஒரு குறையும் இல்லை என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அத்தான் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கிக்கொண்டு வந்தார். அவருடைய டிரில். நோய் வந்த நாளிலிருந்து அதை அவர் தொடவில்லை.

முன் சக்கரத்தை இடுக்கியால் உருவினார். விமானத்தைத் துணி மேல் மல்லாத்தி, இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். இத்தனை நாள் உழைப்பு அந்தக் கைக்குள் இருந்தது. டிரில் ஒரு மயிரிழை வழுக்கினாலும் அவ்வளவுதான். வேகம் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதால், தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, சக்கரக் குழியின் முன்சுவரில் மூக்குக்குள் போகத் துளை போட்டார். முதல் தொடலில் மணிக்கட்டு ஒரு தரம் வெட்டி இழுத்தது. நிறுத்தினார், மூச்சு விட்டார், மறுபடி வைத்தார். அதற்குப் பிறகு இழுக்கவில்லை. குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, ஈறு பிடிக்கிற ரோஸ் மெழுகை விரலில் பிசைந்து திணித்து அடைத்தார். சக்கரத்தைச் செருகி விமானத்தை வைத்தார். மூன்று சக்கரங்களும் மேஜையில் பதிந்து நின்றன.

முதலாளியம்மா விமானத்தைக் கவனிக்கவே இல்லை. மேஜையில் விழுந்திருந்த பிளாஸ்டிக் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க மாஸ்டர். கீழ்த்தாடை செட் நாலு தேங்கிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அக்கா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

நான் அத்தானிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம் பொய் சொன்னதற்கு அடித்தால்கூட வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் டிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. இருபத்தாறு வருஷமா கால் கிராம் மெழுகு கூடினாலும் கண்டுபிடிக்கிற கை. முப்பது கிராம் குறைஞ்சா தெரியாதா?"

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா அன்னைக்கே இந்த டப்பாவைத் திறக்கணும். டிரில்லை எடுக்கணும்." டப்பாவை மூடினார். "எனக்கு பயமா இருந்துச்சும்மா."