பழகாத கண்ணாடி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு சன்னல் உண்டு. செய்து முடித்த மூக்குக்கண்ணாடி ஒவ்வொன்றையும், அங்கே வில்லை பொருத்தும் பெரியவர் அந்தச் சன்னல் முன் நின்று தாமே ஒரு நிமிடம் போட்டுப் பார்ப்பார். ஒன்றில் தெரு நீருக்கடியில் கிடப்பதுபோல் அசையும். இன்னொன்றில் எதிர்மாடி, கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு மிதந்து வரும். யாருடைய பார்வைக்குள்ளோ போய் உலாவிவிட்டுத் திரும்புவது போலிருக்கும். இருபத்தாறு வருடமாக இதே வேலை. வலக்கண் வில்லையில் மையால் புள்ளி வைத்து, சட்டத்தில் பொருத்திய பிறகே துடைப்பார். அதனால் கடையில் அவருக்குப் புள்ளி என்றே பெயர்.

ஒரு நாள் மத்தியானம் தெருக்கோடித் தையல்காரம்மா வந்து, மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய வட்டக் கண்ணாடியை மேசைமேல் வைத்தாள்.

"இதைப் போட்டா தரை கப்பல் மாதிரி ஆடுது. பழகிடும் பழகிடும்னு உங்க முதலாளி ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாரு. பழகலை. என் கண்ணுதான் போச்சு போல. சாயங்காலம் தையல் மிஷினை விலைக்கு வாங்கிட்டுப் போக ஆள் வராங்க."

பின்னறையில் பவர் பார்க்கும் கருவியில் வைத்ததும் புள்ளிக்கு விஷயம் புரிந்தது. வலக்கண் வில்லை இடப்பக்கம் இருந்தது. அதைச் செய்த அன்று மழை வெளிச்சத்தில் சொக்கி நின்று, பொருத்தும் முன்னாலேயே மைப்புள்ளியைத் துடைத்துவிட்டிருக்கிறார். வட்டச் சட்டம், எந்த வில்லையும் எந்தப் பக்கமும் பொருந்தும். போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. பிறர் கண்ணாடியில் எல்லாமே ஆடத்தானே செய்யும்?

முதலாளி எட்டிப் பார்த்தார். "மாத்திப் போட்டுக் குடு. சட்டத்தைச் சரி பண்ணினேன்னு சொல்லிடு."

"மிஷினை விக்கறாங்களே."

"நீ என்ன உலக உத்தமனா? நம்ம தப்புன்னு வாயைத் திறந்தே, நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

மாற்றிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையல்காரம்மா மெல்ல நான்கடி நடந்தாள்.

"ஆடலை." நின்றாள். "இன்னிக்கு ஆடலை. நாளைக்கு? போற கண்ணு போகத்தானே செய்யும். வித்துடறதுதான் நல்லது."

வாசல்வரை போய்விட்டாள்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா." புள்ளியின் குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. "வலதையும் இடதையும் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

பின்னால் முதலாளி வேண்டுமென்றே இருமினார்.

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வாரமா பட்டன் காஜா எல்லாம் கோணக்கோண. என் கையை நானே எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமாய்யா? இன்னொரு தடவை இப்படிப் பண்ணுங்க, உங்க சட்டையோட சேத்து உங்களையும் தைச்சுடறேன்."

"தைங்கம்மா," என்றார் அவர்.

தெருவில் இறங்கியவள் போனைக் காதில் வைத்தாள். "வர வேணாம்ப்பா. விக்கலை... அட, விக்கலைன்னா விக்கலை!"