எண் அடங்கும்வரை

படிகக் கடிகாரச் சில்லுகள் செய்யும் ஆலையில் அவளுக்குப் 'பொறுமைசாலி' என்று பட்டப்பெயர். வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். கணவர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனால் அவள் குரல் தெருமுனைவரை கேட்கும். சோதனை அறைக்குள் காலெடுத்து வைத்துவிட்டால் மட்டும் ஆள் வேறு.

கடிகாரத்தின் உயிர் ஒரு பொட்டுப் படிகம். அதன் துடிப்பை எண்ணித்தான் நேரம் ஓடுகிறது. சூடோ குளிரோ பட்டால் துடிப்பு மாறும். அதற்காகப் பக்கத்திலேயே சூடும் குளிரும் அறியும் ஓர் உணர்வி இருக்கும். இப்போது இவ்வளவு குளிர் என்று அது சொன்னால், சில்லு அதற்கேற்பத் துடிப்பைத் திருத்திக்கொள்ளும். அவள் சில்லுகளைத் தட்டில் அடுக்கி, பெட்டிக்குள் வைத்துச் சூடாக்குவாள், குளிர்விப்பாள். ஒவ்வொரு படியிலும் திரையில் துடிப்பைக் காட்டும் எண் அலைபாய்ந்து அடங்கும்வரை காத்திருந்துதான் குறிப்பாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவசரப்பட்டுப் பார்த்துவிட்டுப் பதறுவார்கள்.

"அக்கா, இது எங்கயோ போகுது. தேறாது போலிருக்கே!"

"அதுக்குள்ள ஏன் குறிச்ச? அழிச்சிட்டு சும்மா உக்காரு. தானா அடங்கும்."

அடங்கும். எல்லாம் தேறும். அவள் கையால் தேறிய சில்லு திரும்பி வந்ததாகப் பேச்சே இல்லை.

அந்தச் சில்லுகளில் ஒரு பங்கு, சரக்கைக் கடுங்குளிரில் வைக்கும் உறைகிடங்கு ஆட்கள் நெஞ்சில் மாட்டும் பட்டைக்குள் போயிற்று. அவள் கணவர் அங்கேதான் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டினார். மின்கலம் தீராமலிருக்க அந்தப் பட்டை பெரும்பாலும் தூங்கும். தன் முறை வரும்போது ஒரு கண்சிமிட்டும் நேரம் விழித்து, 'இருக்கிறேன்' என்றோ 'ஆபத்து' என்றோ சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். முறை தவறினால் இன்னொரு பட்டையின் பேச்சோடு மோதி, இரண்டுமே கேட்காது. "உங்க நெஞ்சுல இருக்கறது என் கை பட்ட கடிகாரம்" என்று அவள் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

ஒரு பகல் உள்ளே பெட்டிகள் சரிந்து அவர் காலை அமுக்கின. பட்டையின் பொத்தானை அழுத்தினார், அழுத்தினார், நினைவு தப்பும்வரை அழுத்தினார். வாசலில் இருந்த திரையோ அவர் பட்டையின் குரல் கேட்காததால் ஆள் வெளியே போய்விட்டதாகக் காட்டியது! வண்டியைத் தேடி உள்ளே போன இன்னொரு ஓட்டுநர்தான் அவரைக் கண்டார். உயிர் பிழைத்தது. குளிரில் விறைத்து வலது கையில் விரல்கள் போயின.

கிடங்கின் கருவிப் பழுதுக்காரர் பட்டையை அவளிடமே கொண்டுவந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. நேரம் மட்டும் நழுவியிருக்கு."

"என் சில்லா? வேற ஏதாவது சொல்லுங்க!" என்று அவர்மேல் பாய்ந்தாள்.

சோதித்தாள். எண் ஆடாமல் அசையாமல் நின்றது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் பழுதுக்காரர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் வெயில்லேருந்து நேரா உள்ள போவாரு, வருவாரு, மறுபடி போவாரு. அப்படி வச்சுப் பார்த்தீங்களா?"

பார்த்தாள். சூட்டிலிருந்து எடுத்துச் சட்டென்று குளிரில் போட்டு, காத்திருக்காமல் பார்த்தாள். எண் பிய்த்துக்கொண்டு ஓடியது. உணர்விக்குக் குளிர் உடனே எட்டிவிட்டது, படிகத்துக்கு இன்னும் எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குளிரெடுத்ததென்று இவருக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி, சில்லு இல்லாத குளிருக்குத் திருத்தம் செய்துகொண்டிருந்தது. வெளியே எடுத்தபோது எண் மறுபக்கம் ஓடியது. ஆனால் போன அளவு திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் இம்மி இம்மியாக நேரம் விலகியது.

இந்த ஓட்டத்தைத்தானே அந்தப் பெண்கள் நாள்தோறும் குறித்தார்கள்? இவள்தானே அழிக்கச் சொன்னாள்? உண்மை கண்ணெதிரே ஓடியிருக்கிறது, அது ஓடி முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், பாவி! எல்லாவற்றையும் அப்படியே போட்டாள். நேரே மருத்துவமனைக்கு ஓடினாள்.

கணவர் காலையிலேயே கண் விழித்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உன் கடிகாரந்தான்டி என்னைக் காப்பாத்துச்சு. அழுத்திக்கிட்டே இருந்தேன், ஆள் வந்துட்டாங்க பாரு."

அவள் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அதான் தம்பியை என் இடத்துல சேரச் சொல்லிட்டேன். வேலை கைவிட்டுப் போயிடக் கூடாதில்ல? முதல்ல பயந்தான். அண்ணியோட கடிகாரம் இருக்குடான்னேன், சரின்னுட்டான்."

"என்னங்க… அது கூப்பிடலைங்க."

"எது?"

"நீங்க அழுத்தினது யாருக்குமே கேக்கலை. வண்டியைத் தேடித்தான் வந்திருக்காங்க. தப்பு என் சில்லுல. நான்தான் தேறிடுச்சுன்னு அனுப்பினேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் நின்றாள். கோபம்கூட வரவில்லை அவருக்கு.

"தம்பிக்குப் போன் போடு. என்னால எண்ணை அழுத்த முடியாது. சீக்கிரம் போடு!"

போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"எப்ப சேரச் சொன்னீங்க?"

"இன்னிக்கு" என்றார். "உள்ள போறவங்க போனை வாசல்லயே வச்சிட்டுத்தான் போகணும்."