அண்ணன் என்னிடம் கொடுத்துவைத்த பாட்டில்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு என் குணம் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். பால்காரர் சொம்பைச் சாய்த்துக் காட்டாமல் நான் பால் வாங்கியதில்லை. பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கியதில்லை. இந்தச் சந்தேகப் புத்தியால் அண்ணனுக்கு நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது சிங்காரப்பேட்டையில். நாலு ஏக்கர் புஞ்சையும் ஒரு கிணறும் இருந்த குடும்பம். அந்த நிலத்தை அப்பா குடித்தே தீர்த்தார். மதுவிலக்கு வந்த பிறகும் அவருக்கு எங்கிருந்தோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. தேடிப் போகும் தூரம்தான் கூடியது. அம்மா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே அப்பாவும் போனார். அண்ணன் பெங்களூருக்குப் போய் ஒரு கடிகாரக் கடையில் வேலை கற்றுக்கொண்டார். துரைமார் விட்டுப்போன கார்கள் அந்தக் கடைக்கு நிறைய வருமாம். டேஷ்போர்டில் இருக்கும் கடிகாரம், மைல் மீட்டர், பெட்ரோல் மீட்டர் எல்லாவற்றையும் பிரித்து மாட்ட அவருக்குக் கை படிந்தது. ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில், பெங்களூர் ரோட்டு மேலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் கடை போட்டார். பின்கட்டில் வீடு. சமைத்துப் போட நான் வந்து சேர்ந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

அண்ணன் வேலை செய்வதை அடுப்படி வாசலில் இருந்தே பார்ப்பேன். மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, முகப்பில் கீறல் விழாமல் ஒரு காகிதத்தை மடித்து வைத்து, முள்ளை மெல்ல நெம்பி எடுப்பார். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய்ப் பிசினை, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பார். கார்க் கடிகாரம் பாட்டரியில் ஓடுவது. மின்சாரம் தொட்டுப் பாயும் அதன் பாயிண்ட் கருத்துப் போனால் நின்றுவிடும். அதைத் துடைக்கவும் ஸ்பிரிட்தான். ஓர் அரக்கு நிற பாட்டிலில் ஊற்றி மேல் தட்டில் வைத்திருப்பார். பெட்ரோல் மீட்டர் என்றால் முள்ளை மட்டும் நம்ப மாட்டார். கோடு போட்ட மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டுப் பார்த்து, முள்ளும் குச்சியும் ஒத்துப்போனால்தான் காரை அனுப்புவார்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அவர் கையில் அந்த வாடை அடிக்கும்.

"கையக் கழுவிட்டு வாங்கண்ணா."

"கழுவிட்டுத்தான் வந்தன் பாப்பா. இது போவாது. வேலையோட வாடை."

அப்பா வீட்டுக்குள் நுழையும்போது வந்த வாடை மாதிரியே எனக்குத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அண்ணன் இல்லாத நேரத்தில் பாட்டிலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஸ்பிரிட் நின்ற இடத்தில் ஒரு நூலைக் கட்டி வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் நூலுக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. கடிகாரம் இவ்வளவு குடிக்குமா என்று தோன்றியது. அந்த ஸ்பிரிட்டுக்கு அண்ணன் முறையாக அனுமதிச் சீட்டு வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கெலமங்கலத்து நிலக்காரர் ஒருவரின் பெரிய கறுப்புக் கார் எங்கள் கடைக்கு வரத் தொடங்கியது. அவருடைய டிரைவர் ஓட்டிக்கொண்டு வருவான். டேங்க் நிறைந்து முள் மேலே நிற்கிறது, கொஞ்ச தூரம் போவதற்குள் கீழே விழுந்துவிடுகிறது, பெட்ரோலைத் திருடுகிறாய் என்று முதலாளி திட்டுகிறார், மீட்டரைச் சரிசெய்து கொடுங்கள் என்பான். அண்ணன் பிரித்துப் பார்ப்பார், குச்சி விட்டுப் பார்ப்பார், மீட்டரில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்புவார். மறுபடியும் வருவான். நான்காம் முறை வந்தபோது பெஞ்சை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"முள்ளு மெதுவா எறங்கற மாதிரி பண்ணிக் குடுங்க சாமி. யாருக்கும் தெரிய வேணாம். உங்க பங்கு வந்துரும்."

அண்ணன் தலையைக் குனிந்தபடி பதில் சொன்னார். அது என் காதில் விழவில்லை. டிரைவர் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெங்களூரிலிருந்து கார்களில் சாராயம் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். வாடை, நூல், பங்கு மூன்றையும் நானே சேர்த்து முடிச்சுப் போட்டேன். அப்பா போன வழியில் அண்ணனும் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை அவரிடமே கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் பெண்கள் அப்பாவிடம் அதைக் கேட்டால் அடிதான் விழும். அந்தப் பயம் எனக்குப் போகவில்லை.

ஏட்டு வீடு அடுத்த தெரு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் வாசலில் போய் நின்றேன்.

"ஏட்டையா, அந்தக் கெலமங்கலத்து டிரைவரோட சேந்து எங்கண்ணன் என்னமோ பண்றாரு. சாராய வாடை வருது. ரெண்டு அதட்டு அதட்டி உட்டுருங்க. அடிச்சிராதீங்க. நான் சொன்னன்னு தெரிய வேணாம்."

"நீ போம்மா, நான் பாத்துக்கறன்" என்றார்.

ஓர் அதட்டலோடு முடியும் என்று நம்பினேன். மறுநாள் சந்தை நாள். காலையில் சப்-இன்ஸ்பெக்டரே நாலு பேரோடு வந்து கடையில் இறங்கினார். மேல் தட்டிலிருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்தார். நான் கட்டிய நூல் அதன் கழுத்துக்குக் கீழே அப்படியே இருந்தது. ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. என்ன ஆயிற்று என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்டார்கள். "நெருப்பில்லாமப் பொகையுமா" என்று யாரோ தமிழில் பதில் சொன்னார்கள்.

"சீட்டு இருக்குதுங்க" என்று அண்ணன் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவர் குரலில் நடுக்கம் இல்லை. "இந்தக் காரையும் பாத்துருங்க சார். இந்த டேங்க் ஒம்பது காலன் பெட்ரோல் புடிக்கணும். நாலுலயே ரொம்பிப் போவுது. மீட்டரு சரியாத்தான் சொல்லுது. மீதி எடத்துல என்னா இருக்குதுன்னு நீங்கதான் பாக்கணும். இன்னைக்குக் கெலமங்கலம் போயி மொதலாளிகிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தன்."

டேங்கைக் கழற்றி வெட்டிப் பார்த்தார்கள். நடுவில் தகரம் வைத்துப் பற்றவைத்துத் தடுத்திருந்தது. தடுத்த பாதி காலியாக இருந்தாலும் சாராய வாடை மூக்கைத் துளைத்தது. டிரைவரை மத்தியானமே பிடித்தார்கள். ஆனாலும் சீட்டு செல்லுமா என்று விசாரிக்கும்வரை அண்ணனை ஸ்டேஷனிலேயே உட்காரவைத்தார்கள். போலீஸோடு அவர் நடந்து போனதைச் சந்தைக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சாயங்காலம் அவர் தனியாகத் திரும்பி வந்ததைப் பார்க்க யாரும் நிற்கவில்லை.

பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். 'சாராயக் கடிகாரக்காரர்' என்ற பெயர் அண்ணனுக்கு ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணகிரியில் பேசி முடித்திருந்த சம்பந்தத்தைப் பெண் வீட்டார் முறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான்கு வருஷம் அவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. அண்ணி வந்த பிறகுதான் அந்த வீட்டில் மறுபடி சிரிப்புக் கேட்டது. அந்த நான்கு வருஷத்தையும் தின்றவள் நான்.

ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று அண்ணன் குளித்துவிட்டு, பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "பாப்பா, இது இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு வேணும்கறப்ப நீ ஊத்திக் குடு." அன்றிலிருந்து தினமும் காலையில் சின்னக் கிண்ணத்தை நீட்டுவார். நான் அளந்து ஊற்றுவேன். நான் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனபோது பாட்டிலும் என்னோடு வந்தது. பிற்பாடு தொழிற்சாலைகள் வந்து, அண்ணன் மீட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, நாங்கள் இரண்டு குடும்பமும் மூக்கண்டப்பள்ளிக்குக் குடிபோனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது பழைய காரின் கடிகாரத்தைக் கொண்டுவந்தால், "ஸ்பிரிட்டு தங்கச்சி வீட்டுல இருக்குது" என்று ஆள் அனுப்புவார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன். அவர் என்னை நம்ப நம்ப எனக்கு உள்ளே குத்தும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கடைசி நாட்களில் அண்ணன் கால் வீங்கிப் படுக்கையோடு இருந்தார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணியிடம்தான் வாய்விட்டு அழுது சொன்னேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. ஏட்டே ஸ்டேஷன்ல சொல்லிட்டாராம். ஸ்பிரிட்டு பாட்டில் எதுக்குங்க உங்க தங்கச்சி வீட்டுலன்னு கல்யாணமான புதுசுல கேட்டன். 'அது அப்பாவப் பாத்துப் பயந்த புள்ள. பாட்டிலு அது கையில இருந்தாத்தான் நிம்மதியாத் தூங்கும்'னாரு."

அண்ணனின் நோய்க் காலத்தில் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், அவரைத் தூக்கி உட்காரவைத்த எதிர்வீட்டுத் தம்பிகளுக்கும், தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த மாதா கோயில் தெரு சகோதரிக்கும், இறுதிவரை தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணனிடம் கேட்க எனக்கு வழியில்லை.

பாட்டில் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டு விரல் ஸ்பிரிட் மிச்சம். கொட்டிவிடலாமா என்று பேரன் கேட்டான், வேண்டாம் என்றேன். நேற்று மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒரு காலத்தில் எனக்கு அது அப்பாவின் வாடை. இப்போது அண்ணனின் கை வாடை.